மாநிலச் சட்டத்தை ஒரே தாளில் சுருக்கி ஊருக்குக் கொடுப்பது எப்படி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயா கடைத்தெருவில் ஒரு ஃபோட்டோஸ்டாட் கடை நடத்துகிறேன். ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த இடம் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்குள்ள யூனிசெல் பல்கலைக்கழக மாணவர்கள் பாடக் குறிப்புகளை நகலெடுக்க வருவார்கள். சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருபவர்களுக்கு வேறு தேவை: பாரம் நிரப்ப வேண்டும், அல்லது வீட்டுக்கு வந்த மலாய்க் கடிதத்தை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். மாட்டுக் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லி ஒரு நோட்டீஸ், சாலையோரம் அப்பம் விற்க உரிமம் இருக்கிறதா என்று கேட்டு ஒரு கடிதம், கோயில் நிலத்தைப் பற்றி ஒரு கடிதம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் இருக்கும். கடிதத்தைப் படித்துச் சொன்ன பிறகும் அந்தச் சட்டம் தன்னை என்ன செய்யச் சொல்கிறது என்று விளங்காமல், பயத்தோடு எழுந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் மாநிலச் சட்டங்களையும் ஊராட்சி மன்றத் துணைச்சட்டங்களையும் ஒரு தாளில் தமிழில் சுருக்கிக் கொடுக்கத் தொடங்கினேன்.

வேறு மாநிலங்களில், சுங்கை சிப்புட்டிலோ பகாவிலோ கூலாயிலோ, இதே வேலையைச் செய்ய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழக்கறிஞர் பட்டம் வேண்டியதில்லை. மலாய் நன்றாகப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும் பொறுமை வேண்டும். உறுதியாகத் தெரியாத வரியை எழுதாமல் விடும் கட்டுப்பாடு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. சுருக்கத்தின் முதல் வரியில், அந்தச் சட்டம் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். பேச்சளவில் இருக்கிறதா, சட்டமன்றத்தில் இருக்கிறதா, அரசிதழில் வந்துவிட்டதா, நடைமுறைக்கு வந்துவிட்டதா? நாளிதழில் ஒரு மாநில ஆட்சிக்குழு உறுப்பினர் சொன்னதைப் படித்துவிட்டு மாட்டை விற்றவர்கள் இருக்கிறார்கள். நடைமுறைக்கு வந்து நெடுநாளான ஒரு விதியை, 'அது இன்னும் வரவில்லை' என்று நம்பி அபராதம் கட்டியவர்களும் இருக்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பது அவர்களுக்கு ஓரளவு தெரிந்திருந்தது. அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை.

எது மாநிலத்தின் கையில் இருக்கிறது

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையை ஒரு முறை முழுமையாகப் படித்துவிடுங்கள். அதில் முக்கியமாக மூன்று பட்டியல்கள் உண்டு: கூட்டரசுப் பட்டியல் (மத்திய அரசுக்கு உரியது), மாநிலப் பட்டியல், இரண்டுக்கும் பொதுவான பட்டியல். மாநிலப் பட்டியலில் நிலம், விவசாயம், காடு, ஊராட்சி, சந்தைகள், மாநில விடுமுறைகள் ஆகியவை இருக்கின்றன. இஸ்லாமியச் சட்டமும் அங்கேதான். நம் தோட்டத்து மக்களுக்கு நெருக்கமான இரண்டு விஷயங்களும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே எழுதப்பட்டுள்ளன: ஒன்று, இடுகாடும் சுடுகாடும், மற்றொன்று, அத்துமீறி மேயும் கால்நடைகளும் அவற்றை அடைத்து வைக்கும் பட்டியும். தோட்டம் கைமாறும்போது சுடுகாட்டின் கதி என்ன என்று கேட்பவர்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஓடுகிறார்கள். முதலில் தட்ட வேண்டிய கதவு மாநிலத் தலைநகரான ஷா ஆலமில் இருக்கிறது.

ஆனால் பட்டியலைப் பார்த்த உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. நிலமும் ஊராட்சியும் மாநிலத்துக்கு உரியவை என்றாலும், நாடு முழுதும் ஒரே சீராக இருப்பதற்காக அவற்றில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அரசியலமைப்பின் 76ஆவது விதி சொல்கிறது. அப்படி வந்தவைதான் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டமும் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமும். நிலச் சட்டம் திருத்தித் தொகுக்கப்பட்டு இப்போது 828ஆம் எண்ணில் இருக்கிறது. ஊராட்சிச் சட்டத்தின் எண் 171. சட்டம் கோலாலம்பூரில் பிறந்தாலும், அதை நடத்துவது மாநிலம். கட்டணத்தையும் பாரங்களையும் மாநில விதிகள் சொல்லும். எனவே நிலத்தைப் பற்றிய எந்தச் சுருக்கத்துக்கும் குறைந்தது இரண்டு மூலங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். ஆற்று நீரைக் காக்கும் பொறுப்புக்குச் சிலாங்கூரில் 1999ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று இருக்கிறது. குழாய் நீர் விநியோகமோ 2005ஆம் ஆண்டில் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, அடுத்த ஆண்டே அதற்கென ஒரு கூட்டரசுச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளியின் வீட்டு வசதிக்கான 446ஆம் சட்டம், குறைந்தபட்சச் சம்பளம், தமிழ்ப்பள்ளி எல்லாமே கூட்டரசின் பொறுப்பு. யாருடைய சட்டம் என்பதைத் தாளில் ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள், உதாரணமாக: 'இது மாநிலச் சட்டம்; புகாரை மாநில அலுவலகத்தில் சொல்லுங்கள்.' தவறான அலுவலக முகப்பில் வரிசையில் நின்று ஒரு நாள் கூலியை இழப்பது செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குச் சிறிய இழப்பல்ல.

மூலத்தைத் தேடிப் பிடிப்பது

நாளிதழ்ச் செய்தியிலிருந்து சுருக்கம் எழுதாதீர்கள். மலேசிய நண்பனோ மக்கள் ஓசையோ, செய்தி உங்களுக்கு ஒரு தடயம் மட்டுமே. மூலத் தாள் கையில் வரும்வரை எழுதுகோலைத் தொடக் கூடாது.

கூட்டரசுச் சட்டங்களை நாட்டின் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மாநிலச் சட்டங்களுக்கு இன்னும் கொஞ்சம் அலைய வேண்டும். சிலாங்கூர் சட்டமன்றத்துக்கென இணையத்தளம் இருக்கிறது. மசோதாக்களையும் விவாதப் பதிவுகளையும் தேட முதலில் அங்கே போங்கள். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கேட்டால் மசோதாவின் அச்சுப் பிரதி கிடைக்கலாம். அவருடைய மேசைக்கு அது எப்படியும் வந்துதான் ஆக வேண்டும். மாநில அரசிதழ், அதாவது வார்த்தா கெராஜாஆன் நெகெரி, பொது நூலகங்களில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். துணைச்சட்டம் என்றால் நகராண்மைக் கழகத்தின் சட்டப் பிரிவில் நேரில் போய்க் கேளுங்கள். பெயரும் ஆண்டும் சரியாகத் தெரிந்தால் அவர்கள் தேடித் தருவது எளிது. சிலாங்கூர் அரசிதழில் வரும் விதிகளுக்கு 'செல். பி.யூ.' என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

கேட்டும் கிடைக்காவிட்டால் சிலாங்கூர்வாசிகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது: 2011ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம். பினாங்கிலும் இதே போன்ற ஒரு சட்டம் இருக்கிறது. மாநிலத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் எழுத்து மூலம் தகவல் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும்; சொன்ன நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால் தண்டனை உண்டு. எனவே விண்ணப்பத்தில் நோக்கத்தை விரிவாக, உண்மையாக எழுதுங்கள்: 'பொதுமக்களுக்கு விளக்கத் தாள் தயாரித்து விநியோகிக்க.'

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது

கையில் கிடைத்த தாளே அதைச் சொல்லிவிடும். மேலே 'ரங் உண்டாங்-உண்டாங்' என்று இருந்தால் அது மசோதா. மசோதாவுக்குக் கடைசியில் 'ஹுராயன்' என்ற தலைப்பில் ஒரு விளக்கக் குறிப்பு இருக்கும். அதில் ஒவ்வொரு கூறையும் 'ஃபாசால்' என்று எண்ணிட்டிருப்பார்கள். சட்டமான பிறகு அதே கூறு 'செக்‌ஷென்' ஆகிவிடும். ஹுராயனை முதலில் படியுங்கள். அரசு எதற்காக இதைக் கொண்டு வருகிறது என்பது அங்கே சுருக்கமாக இருக்கும். ஆனால் அதை அப்படியே மொழிபெயர்த்துச் சுருக்கம் என்று கொடுத்துவிடக் கூடாது. அது அரசின் பார்வையில் எழுதப்பட்டது; நீங்கள் எழுதுவது அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியவருக்காக.

மூன்று வாசிப்புகள் முடிந்து சட்டமன்றம் நிறைவேற்றிய பிறகு சுல்தானின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்தாலும் அரசிதழில் வெளியாகும்வரை அது நடைமுறைக்கு வராது. இது அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலேயே இருக்கிறது. இதோடு முடியவில்லை. சட்டத்தின் முதல் பிரிவைப் பாருங்கள். அதில் ஒரு தேதி இருக்கலாம். அல்லது, பின்னர் அரசிதழ் அறிவிப்பின் மூலம் குறிக்கப்படும் தேதியில் நடைமுறைக்கு வரும் என்று இருக்கலாம். இரண்டாவது வகையானால், அந்த அறிவிப்பையும் தேடிப் பிடித்த பிறகுதான் 'நடைமுறையில் உள்ளது' என்று எழுதலாம்.

நகராண்மைக் கழகத் துணைச்சட்டத்துக்கும் இதே எச்சரிக்கை. கழகக் கூட்டத்தில் நிறைவேறினால் போதாது. மாநில அரசு உறுதி செய்ய வேண்டும், அரசிதழில் வர வேண்டும். பெயரில் 'பிண்டாஆன்' என்று இருந்தால் அது திருத்தச் சட்டம். மாறிய சொற்கள் மட்டும் அதில் இருக்கும். மூலச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, மாற்றங்களைப் பென்சிலால் அதில் எழுதிக்கொண்டு படித்தால்தான் விளங்கும்.

எழுதுவது

சட்டத்தின் வரிசையில் எழுதாதீர்கள். சட்டம் பெயரில் தொடங்கி, சொற்பொருள் விளக்கத்துக்குப் போய், அதிகாரிகளை நியமித்து, கடைசியில்தான் சாதாரண மனிதரிடம் வருகிறது. உங்கள் தாள் அந்த மனிதரிடமிருந்து தொடங்க வேண்டும். சட்டத்தை முழுதும் படித்தபின், அதில் 'ஹெண்டாக்லா' என்று வரும் இடங்களை ஒரு நிறத்திலும் 'போலே' என்று வரும் இடங்களை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். முதல் வகை கட்டாயம்; 'வேண்டும்' என்று எழுதுங்கள். இரண்டாவது விருப்பமோ அதிகாரமோ. 'லாம்' என்று எழுதுங்கள். அதிகாரி செய்யலாம் என்பதை 'செய்வார்' என்று எழுதிவிட்டால், மக்கள் நடக்காத ஒன்றை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். தண்டனைப் பிரிவில் 'மிகாமல்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இரண்டாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மிகாத அபராதம் என்பது வேறு, இரண்டாயிரம் வெள்ளி அபராதம் என்பது வேறு. பயமுறுத்தினால் கீழ்ப்படிவார்கள் என்று சிலர் அதை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். அது பொய் சொல்வதற்குச் சமம்.

தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தை எடுத்துக்கொள்வோம். மலாயில் லெசென் பெண்டுடுக்கான் செமெந்தாரா, முகப்பில் எல்.பி.எஸ். என்பார்கள். எங்கள் பக்கத்தில் ஆற்றோரத்திலும் சாலையோரத்திலும் காய்கறி போடுகிறவர்கள், மாட்டுக் கொட்டகை கட்டியிருப்பவர்கள் பலருடைய வாழ்வு இந்த ஒரு தாளில் தொங்குகிறது. நான் கொடுக்கும் சுருக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

*நிலை: நடைமுறையில் உள்ளது. சரிபார்த்த நாள் தாளின் அடியில்.*

*யாருக்கு: அரசு நிலத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு. தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.*

*எவ்வளவு காலம்: உரிமத்தை எந்த மாதத்தில் வாங்கினாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31ஐத் தாண்டாது. தொடர்ந்து பயன்படுத்த, புதுப்பிக்க வேண்டும்.*

*யார் பெயரில்: உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் முடிந்துவிடும். மனைவிக்கோ பிள்ளைக்கோ தானாக வராது. விற்கவும் முடியாது, பெயர் மாற்றவும் முடியாது. குடும்பத்தார் தொடர விரும்பினால் தங்கள் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்.*

*நெடுங்காலம் இருந்தால்? எத்தனை ஆண்டுகள் இருந்தாலும், இருந்த காரணத்தால் மட்டும் அரசு நிலம் சொந்தமாகாது.*

*எங்கே போக வேண்டும்: குவாலா சிலாங்கூர் மாவட்ட நில அலுவலகம். அடையாள அட்டை, பழைய உரிமம், இடத்தின் வரைபடம் கொண்டு போங்கள்.*

*மூலம்: தேசிய நிலச் சட்டம், கட்டணத்துக்குச் சிலாங்கூர் நில விதிகள்.*

இதில் இறப்பைப் பற்றிய வரிதான் எனக்கு மிக முக்கியம். ஒருவர் தன் தந்தை பெயரிலிருந்த உரிமத்தை லேமினேட் செய்து தரச் சொல்லிக் கொண்டு வந்தார். தந்தை காலமாகிவிட்டார், உரிமத்தைக் கெடாமல் பாதுகாத்தால் நிலமும் பாதுகாப்பாக இருக்கும் என்று அவர் மனதார நம்பினார். வெண்டையும் மரவள்ளியும் போட்டிருந்த நிலம். தாளைக் கொடுத்து, 'ஐயா, முதலில் உங்கள் பெயரில் விண்ணப்பம் போடுங்கள், லேமினேட் பிறகு செய்துகொள்ளலாம்' என்றேன். சட்டத்தில் அது சிறிய கூறுதான். ஆனால் தந்தையை இழந்த வீட்டில் அதைவிடப் பெரிய கூறு வேறில்லை. எந்த வரியை மேலே தூக்கி வைப்பது என்பதைச் சட்டத்தின் அமைப்பு உங்களுக்குச் சொல்லாது. கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்தான் சொல்லும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

'சொந்தமாகாது' என்ற வரியை எடுத்துவிடச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். மக்கள் மனம் உடைந்துவிடுமாம். நான் எடுக்கவில்லை. மனம் உடைவது தாளைப் படிக்கும்போதே நடந்தால், செய்ய வேண்டியதைச் செய்ய நேரமிருக்கும். இடிக்க இயந்திரம் வந்து நிற்கும் நாளில் நடந்தால் எதற்கும் நேரமிருக்காது.

மலாய்ப் பெயரைத் தமிழ் எழுத்தில் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள். நில வரி என்றால் பக்கத்திலேயே சுக்காய் தானா. மதிப்பீட்டு வரி என்றால் சுக்காய் தாக்சிரான். முகப்பில் இருக்கும் அதிகாரியிடம் அந்தச் சொல்லைத்தான் சொல்லியாக வேண்டும். தேதிகளையும் தடித்த எழுத்தில் போடுங்கள். சிலாங்கூரில் நில வரியை மே 31க்குள் கட்ட வேண்டும். மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இரு தவணை, பிப்ரவரி இறுதியும் ஆகஸ்டு இறுதியும்.

எழுதி முடித்ததும், சட்டம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, 'இதைப் படித்துவிட்டு நாளை காலை நீங்கள் எங்கே போவீர்கள்?' என்று கேளுங்கள். சரியான இடத்தைச் சொன்னால் தாள் சரி. பிறகு சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். இளம் வழக்கறிஞர்கள் பலர் ஒரு பக்கம்தானே என்று மறுக்காமல் படித்துத் தருகிறார்கள். இந்த இரண்டில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

அச்சிடும் முன்

சட்டத்தின் வாசகத்தை நகலெடுத்துக் கொடுக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், அரசின் சட்ட வாசகங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் பதிப்புரிமைக்குரிய இலக்கியப் படைப்பு என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆனால் ஒரு தனியார் பதிப்பகம் குறிப்புகளும் விளக்கமும் சேர்த்து வெளியிட்ட நூலை நகலெடுக்கக் கூடாது. அந்தக் குறிப்புகள் அவர்களுடையவை.

1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தை மனத்தில் வையுங்கள். அச்சிட்டு வெளியிடும் எதிலும் முதல் அல்லது கடைசிப் பக்கத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் மலாயிலோ ஆங்கிலத்திலோ தெளிவாக இருக்க வேண்டும். தமிழில் மட்டும் போட்டால் போதாது. இன்னொன்று: அந்தச் சட்டத்தில் 'செய்தித்தாள்' என்பதற்கான வரையறை மிக அகலமானது. பொது நலனைப் பற்றிய கருத்துகளோடு இடைவெளி விட்டு விட்டு வரும் இலவச வெளியீடும் அதற்குள் வரக்கூடும். செய்தித்தாளுக்கு உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். அதனால் என் தாள்களுக்கு இதழ்ப் பெயரோ வரிசை எண்ணோ மாதமோ கிடையாது. ஒவ்வொரு தாளும் ஒரு சட்டத்துக்கான தனி விளக்கம். அரசியல் கருத்து ஒரு வரிகூட இராது. மாத இதழாக நடத்த விரும்பினால் முதலில் அமைச்சிடம் விசாரித்துவிட்டு இறங்குங்கள். தாள்களைச் சிறு நூலாகத் தொகுத்தால் தேசிய நூலகத்துக்குப் பிரதிகளை ஒப்படைக்க வேண்டும்; அதற்கு 1986ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது.

தாளின் அடியில் இரண்டு வாக்கியம் போடுங்கள்: இது பொது விளக்கம், சட்டத்தின் முழு வாசகமே இறுதியானது. உங்கள் வழக்குக்கு வழக்கறிஞரையோ சட்ட உதவித் துறையையோ அணுகுங்கள். எழுதினால் மட்டும் போதாது, அப்படியே நடக்கவும் வேண்டும். 'அக்கா, நீங்களே எனக்காக ஒரு பதில் கடிதம் எழுதி வாதாடிவிடுங்கள்' என்று கேட்பார்கள். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் அல்லாதவர் வழக்கறிஞரின் வேலையைச் செய்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவதுதான் நம் எல்லை.

ஏ4 தாளில், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் அதே விவரம் மலாயில். பல வீடுகளில் தாத்தாவுக்குத் தமிழ் மட்டும் படிக்கத் தெரியும், பேத்திக்கு மலாய்தான் எளிது. இருவரும் ஒரே தாளை வைத்துப் பேச முடிகிறது. எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. யூனிகோடு எழுத்துரு மட்டுமே பயன்படுத்துங்கள். பழைய எழுத்துருவில் தட்டினால் வேறு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். நான் முரசு அஞ்சலில் தட்டுகிறேன். நம் நாட்டில் உருவானது என்பதால் ஒரு தனிப் பற்று.

செலவுக்கு யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்: மளிகைக் கடை, கோயில் நிர்வாகம், சங்கம். ஆனால் எந்த அரசியல்வாதியின் படமும் தாளில் வரக் கூடாது. படம் போட்டால் செலவை முழுதாக ஏற்கிறேன் என்று சொல்வார்கள். ஒரு கட்சியின் முகம் தாளில் ஏறிய அன்றே மறு கட்சிக்காரர் வீட்டில் அது குப்பைக்குப் போகும். சட்டம் அந்த வீட்டுக்கும் பொருந்தும் அல்லவா?

கொண்டு சேர்ப்பது

ஊரெல்லாம் இறைப்பது வீண். தாள் யாரைத் தொடுகிறதோ அவர் நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். அங்காடிக்காரர்களுக்கான துணைச்சட்டத்தைப் பசார் மாலத்தில், அதாவது இரவுச் சந்தையில், கடை விரிக்கும் நேரத்தில் கொடுங்கள்; வியாபாரம் சூடான பிறகு யாரும் படிக்க மாட்டார்கள். மாடு வளர்ப்பவர்களுக்கானதைத் தவிடு விற்கும் கடையில் வையுங்கள். கோயில் நிலத்தைப் பற்றியது நிர்வாகக் குழுவின் கையில் நேராகப் போக வேண்டும், வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு. வரி பற்றியதைத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கொடுக்கலாம்.

தோட்டத்துக்குள் விநியோகிக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அது தனியார் நிலம். அனுமதி கிடைக்காவிட்டால் சண்டை போட வேண்டாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தோட்டப் பிரதிநிதியிடம் கொடுத்துவிடுங்கள். சம்பளம் கைக்கு வந்ததும், மாதத்தின் முதல் வாரத்திலேயே, எல்லோரும் ஊருக்குள் சாமான் வாங்க வருவார்கள். அந்த நாட்களில் மளிகைக் கடை, முடிதிருத்தகம், பஸ் நிறுத்தம் இந்த மூன்று இடத்திலும் தாள் இருந்தால் தோட்டத்துக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. சிலாங்கூரில் மாநில அரசு நியமித்த இந்தியச் சமூகத் தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வழியாகவும் போகட்டும்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பும்போது கோப்பாக மட்டும் அனுப்பாதீர்கள். பழைய கைப்பேசியில் கோப்பு திறக்காது. தாளைப் படமாக்கி, எழுத்து பெரிதாகத் தெரியும்படி இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். கூடவே ஒரு குரல் பதிவு. லயத்து வீடுகளில் இருக்கும் மூத்த பெண்களில் பலருக்கு எந்த எழுத்தும் படிக்க வராது. அவர்களிடம்தான் வீட்டுச் சாவியும் ரசீதுகளும் இருக்கும். பதிவின் தொடக்கத்தில் சரிபார்த்த நாளைச் சொல்லுங்கள், பிறகு நிலையைச் சொல்லுங்கள், பிறகு அலுவலகத்தின் பெயர். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. படமும் பதிவும் ஆண்டுக்கணக்கில் கைமாறிக்கொண்டே இருக்கும் என்பதால் நாள் இல்லாத எதையும் அனுப்பாதீர்கள்.

சட்டம் திருத்தப்பட்டால் பழைய தாள்தான் ஊரில் மிகப் பெரிய ஆபத்து. எந்தத் தாளை யாரிடம் எத்தனை பிரதி கொடுத்தோம் என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் புதிய தாளை வேறு நிறத்தில் அச்சிட்டு, அதே கடைகளுக்கும் கோயிலுக்கும் நீங்களே போய் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். பிறர் செய்வார்கள் என்று விட வேண்டாம். புலனத்தில் 'முந்தைய தாள் செல்லாது' என்று பழைய படத்தின் குறுக்கே எழுதி, அதையும் அனுப்புங்கள். சட்டமன்றம் கூடும் நாட்களைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வைத்தால், எந்தத் தாளை எப்போது மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களை எல்.பி.எஸ். தாளுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள், டிசம்பர் 31க்குப் பிறகு அதைக் கொடுத்தால், அதற்குள் புதுப்பிக்க வேண்டியிருந்தவர்களுக்குப் பயனில்லை.